என் கைத்துவக்குகளும் உன் நிவேதாவும்

அன்புள்ள ஜெரோம்,

அடுத்த கிழமை உனக்குக் கலியாணம். மண்டபக்காரருக்கும் சமையல்காரருக்கும் சுவாமிக்கும் சொல்லவேண்டியதெல்லாம் சொல்லியாயிற்று. உனக்குச் சொல்லவேண்டியது மட்டும் மிச்சம் கிடக்கிறது. நேரில் சொல்லத் தொடங்கினால் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு “சரி அம்மா, சரி அம்மா” என்பாய். நானும் சரியென்று விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். தமிழ் வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும் என்று தெரியும். ஆறுதலாக வாசி. விளங்காத சொல் வந்தால் அப்பாவிடம் கேள், நிவேதாவிடம் கேட்காதே. ஏனென்றால் இந்தக் கடிதமே அவளைப் பற்றியதுதான். உன்னைக் கட்டப்போகிற பெண்ணைப் பார்த்து நான் ஒரு வருசமாக எரிந்துகொண்டிருக்கிறேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவளிடம் பிழை இருந்தால் எனக்கு வேலை சுகமாக இருந்திருக்கும். அவள் நல்ல பிள்ளை, அதுதான் கரைச்சல். மற்றத் தாய்மாருக்கு மருமகளோடு என்னென்னவோ பிரச்சினை: நத்தார் பண்டிகைக்கு யார் வீட்டுக்குப் போவது, பேரப்பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது, மகன் அவளின் சமையலைப் புகழ்ந்துவிட்டான் என்பது. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. நீ அவர்கள் வீட்டுச் சாம்பாரைப் பற்றி எவ்வளவு நேரம் கதைத்தாலும் நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவளின் அப்பா பேராசிரியர், சென்னைக்காரர், இந்துக்கள் என்பதெல்லாம் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் சிலருக்குக் கதையாக இருந்தது, எனக்கு இல்லை. என் எரிச்சல் முழுக்க எங்கள் பேஸ்மென்ட்டில், கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் நடந்தது.

நான் பழைய ரிவோல்வர்கள் சேர்க்கத் தொடங்கியது எப்படி என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டில் ஹீற்றர் இருப்பதுபோல அம்மாவிடம் துவக்குகள் இருந்தன; அவ்வளவுதான் உனக்கு. அப்போது நான் இந்த ஊரில் சென்ட் லோரன்ட் பக்கம் விமான உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்தேன். மெசினிலிருந்து வரும் சின்னத் துண்டுகளின் ஓரத்துப் பிசிறை அரத்தால் எடுத்துவிடுகிற வேலை. ஒரு ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில், ஒரு வீட்டு வாசலில் செத்துப்போன கிழவர் ஒருவரின் சாமான்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். தையல் மெசின் பார்க்கத்தான் இறங்கினேன். கறள் பிடித்த குறடுகள் கிடந்த ஒரு தகரப் பெட்டிக்குள் அது கிடந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ரிவோல்வர். தோட்டா போடுகிற உருளை சுற்றவில்லை. கைப்பிடியின் ஒரு பக்கத் தகடு இல்லை. கையில் எடுத்தேன், கீழே வைக்க மனம் வரவில்லை.

உன் அப்பா காருக்குள் இருந்து பார்த்துவிட்டு இறங்கி ஓடி வந்தார். “உனக்கென்ன விசரே? ஆமிக்கும் பயந்து இயக்கப் பொடியளுக்கும் பயந்து, துவக்கே வேண்டாமெண்டு இஞ்ச ஓடி வந்தனாங்கள். நீ காசு குடுத்து வீட்டுக்க கொண்டு வாறியோ?” செத்துப்போனவரின் மகள் எங்களுக்கு விளக்கினாள்: இது ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டுக்கு முன் செய்தது, இந்த வகைத் தோட்டாவுக்குச் செய்த பழசுகளைச் சட்டம் பழம்பொருளாகத்தான் பார்க்கிறது, அனுமதிப் பத்திரம் தேவையில்லை. அப்பா நம்பவில்லை. அடுத்த நாள் தானே பொலிசுக்குப் போன் எடுத்துக் கேட்டார். அவர்களும் அதையே சொன்ன பிறகுதான் அவருக்கு நித்திரை வந்தது.

மன்னாரில் என் வயதுக்காரருக்குத் துவக்கு என்றால் அதன் வாய்தான் தெரியும். பின்பக்கம் எப்படி இருக்கும் என்று நாங்கள் கண்டதில்லை. வீதியில் நிற்பாட்டி நெஞ்சுக்கு நேரே நீட்டுவார்கள். அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு பெயர் சொல்லவேண்டும், ஊர் சொல்லவேண்டும். இந்த நாட்டுக்கு வந்த பிறகும் அந்த ஓட்டை கனவில் வரும். அந்த ரிவோல்வரை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி, பழைய துவாயில் வைத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு தட்டை வில், ஒரு கொக்கி, உருளையைத் தள்ளிச் சுற்றுகிற ஒரு பல். இவ்வளவுதானா என்று இருந்தது. இந்தச் சின்னப் பல்லுக்கா நான் இவ்வளவு காலம் பயந்தேன்? அன்று நான் நன்றாகச் சாப்பிட்டேன். பிறகு அடுத்த ரிவோல்வரைத் தேடத் தொடங்கினேன்.

நீ அந்தப் பேஸ்மென்ட்டில்தான் வளர்ந்தாய். உடுப்புத் தோய்க்க வருவாய், ஹொக்கி மட்டை எடுக்க வருவாய். நான் பூதக்கண்ணாடியை நீட்டி, “இஞ்ச பார் ராசா, இந்த முத்திரையைப் பார், இது பெல்ஜியத்தில லியேஜ் எண்ட ஊரில அடிச்சது” என்பேன். நீ போனிலிருந்து கண்ணை எடுக்காமல் “வடிவாக் கிடக்கு அம்மா” என்றுவிட்டு மேலே ஏறிவிடுவாய். அது எனக்கு நோகவில்லை என்றால் நீ நம்பவேண்டும். என் பிள்ளைக்கு இதில் விருப்பம் இல்லை என்று நினைத்தேன். விருப்பம் இல்லாததற்கு யாரும் யாரோடும் கோபிக்க முடியாது.

பிறகு போன மார்கழியில் நீ நிவேதாவைச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாய். அவள் ஒரு அரும்பொருட்சாலையில் பழைய உலோகப் பொருள்களைப் பராமரிக்கிற வேலை செய்கிறாள் என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். அதை நான் கோயில் குத்துவிளக்கு மினுக்குவதுபோல ஏதோ ஒன்றென்று நினைத்திருந்தேன். சாப்பிட்டு முடிந்ததும் கை துடைத்துக்கொண்டே கேட்டாள்: “ஆன்ட்டி, நீங்க பழைய ரிவால்வர் எல்லாம் வச்சிருக்கீங்கன்னு இவன் சொன்னான். நான் பாக்கலாமா?” என் உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று. இந்த வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

கீழே போனதும் கைப்பையிலிருந்து மெல்லிய கையுறை எடுத்துப் போட்டாள். நான் வெறுங்கையால்தான் எடுப்பேன். அலுமாரியில் நடுத்தட்டில், எனக்கு ஆகப் பெருமையான ரிவோல்வர் இருந்தது. முகம் பார்க்கலாம், அப்படி மினுங்கும். அதை எடுத்து விளக்குக்குச் சரித்துப் பார்த்தாள்.

“இது உங்ககிட்ட வரும்போதே இப்படித்தான் இருந்துச்சா, ஆன்ட்டி?”

“இல்லைப் பிள்ளை, கறுத்துப் போய்க் கிடந்தது. நான்தான் கிழமைக் கணக்கா இருந்து மினுக்கினனான்.”

அவள் விரலை உருளையின் ஒரு இடத்தில் வைத்தாள். “இங்க முத்திரை இருந்திருக்கும்,” என்றாள். பிறகு மெதுவாக, “அடடா,” என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்தாள்: “பரவால்ல ஆன்ட்டி, நிறைய பேர் இப்படித்தான் பண்ணிடுவாங்க.”

அந்த ‘நிறைய பேர்’ எனக்குள் முள்ளாக ஏறியது. ஆனால் அதையும் நான் தாங்கியிருப்பேன். அதற்குப் பிறகு நீ செய்ததைத்தான் தாங்க முடியவில்லை. “ஏன், மினுக்கினா என்ன?” என்று அவளைக் கேட்டாய். கேட்டுவிட்டுக் கதிரையை இழுத்து அவளுக்குப் போட்டாய், மற்றதை இழுத்து நீ இருந்தாய். அந்தப் பேஸ்மென்ட்டில் இரண்டு கதிரைதான் இருந்தது, ஜெரோம். நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். இரும்பின்மேல் படிந்த அந்தப் பழுப்பு நிறம் அதன் வயது என்று அவள் சொன்னாள். கறளை எடுக்கலாம், நிறத்தை எடுக்கக்கூடாது; நிறம் போனால் முத்திரையும் போகும், முத்திரை போனால் எந்த ஊரில் எந்தக் காலத்தில் யார் செய்தது என்பதும் போகும். நீ கண் வெட்டாமல் கேட்டாய். ஏன் ஒரே இலக்கம் துவக்கின் சட்டகத்திலும் உருளையிலும் கைப்பிடிக்குள்ளும் இருக்கிறது? இலக்கம் வேறுபட்டால் என்ன அர்த்தம்? எந்த ஊர்க்காரன் எந்த ஊர்க்காரனைப் பார்த்துச் செய்தான்? இவற்றில் பாதியை நான் உனக்கு அதே இடத்தில் நின்று சொல்லியிருக்கிறேன். நீ திரும்பி என்னைப் பார்த்து, முகமெல்லாம் வெளிச்சமாக, “அம்மா, இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?” என்றாய்.

“ஓம், தெரியும்.”

“எனக்கு ஏன் சொல்லேல்ல?”

நான் தட்டை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு மேலே வந்தேன். கழுவிக் கவிழ்த்துவைத்த கோப்பைகளை எடுத்துத் திரும்பவும் கழுவினேன். உனக்கு விருப்பம் இல்லாமல் இருக்கவில்லை. என் வாயிலிருந்து வந்தபோதுதான் உனக்குக் கேட்கவில்லை. இதை விளங்கிக்கொள்ள எனக்கு அந்தக் கோப்பைகள் எல்லாம் தேவைப்பட்டன.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் உங்கள் இருவருக்கும் ஆகிவிட்டன. முன்பு, நீ தனியாக வீடு எடுத்துப் போனதிலிருந்து, சனி காலமை எனக்குப் போன் எடுப்பாய். பெரிய கதை ஒன்றும் இருக்காது, சாப்பிட்டியா, குளிருக்கு என்ன போடுறாய், அவ்வளவுதான். இப்போது நான் எடுத்தால் பின்னால் தெருச்சத்தம் கேட்கும், “அம்மா, சாமான் விக்கிற இடத்தில நிக்கிறம், பேந்து எடுக்கிறன்” என்பாய். பேந்து நீ எடுத்ததில்லை. சிலவேளை படம் அனுப்புவாய். ஒரு படத்தில் நீங்கள் இருவரும் ஒரே பூதக்கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதை யார் எடுத்தார்களோ, அவர்கள்மேலும் எனக்கு எரிந்தது. இதற்கிடையில் நான் மினுக்குவதை நிற்பாட்டிவிட்டேன். அவள் சொன்னது சரி என்று என் கைக்கே தெரிந்துவிட்டது. பிழை சொல்லியிருந்தால் அவளை வெறுத்துவிட்டுச் சும்மா இருந்திருப்பேன்.

இனி நீ அறிந்த கதைதான், ஆனால் என் பக்கத்தை நீ கேட்டதில்லை. பங்குனியில் ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பழைய வீட்டில் சாமான் விற்கப்போகிறார்கள், அதில் ஒரு சைக்கிள்காரர் ரிவோல்வர் இருக்கிறது என்று நிவேதா சொன்னாள். அந்தக் காலத்தில் சைக்கிளில் போகிறவர்கள் துரத்துகிற நாய்களுக்குப் பயந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போன குட்டித் துவக்கு. சுடுகிற விசை மடிந்து உள்ளே போய்விடும், பையில் கொளுவாது. முத்துச்சிப்பிக் கைப்பிடியாம், சட்டம் வைத்த ஆண்டுக்கு முந்தியது என்று விற்கிறவர்கள் போட்டிருந்தார்களாம். “எனக்குன்னு ஒண்ணுமே இல்ல ஆன்ட்டி. வேலைல தொடுறது எல்லாம் அடுத்தவங்களோடது. இத ஒண்ண மட்டும் வாங்கி வச்சுக்கணும்,” என்றாள். நீ அவளின் தோளைத் தொட்டு, “சனிக்கிழமை போய் எடுப்பம்,” என்றாய். நான் கறிச்சட்டியைக் கிளறிக்கொண்டே, எந்தத் தெரு என்று கேட்டேன். நீ சொன்னாய்.

சனி விடிந்ததும் அப்பாவை எழுப்பினேன். துறைமுகத்திலிருந்து கொண்டெயினர் லொறி ஓட்டின மனுசனுக்கு அந்தக் கிழக்குப் பக்கத் தெருக்கள் எல்லாம் தலைகீழ்ப் பாடம். எதற்கு என்று கேட்காமலே கொண்டுபோய் விட்டார். கதவு திறந்தபோது முதல் ஆள் நான். அது படத்தைவிட வடிவாக இருந்தது. விற்கிறவள் பேப்பரில் சுற்றித் தந்தாள். நான் படி இறங்க, நீங்கள் இருவரும் கையில் கோப்பிக் கப்போடு சிரித்துக்கொண்டு நடைபாதையில் வந்துகொண்டிருந்தீர்கள்.

“அம்மா! நீங்க இஞ்ச என்ன செய்யிறீங்க?”

“சாமான் வாங்க வந்தனான்.”

உன் கண் என் கைக்குப் போனது. நிவேதாவின் முகம் ஒரு கணம் விழுந்து, பிறகு அவளே அதைத் தூக்கி நிறுத்தினாள். “வாங்கிட்டீங்களா? நல்ல கண்ணு ஆன்ட்டி உங்களுக்கு,” என்றாள். நீ அவளிடம் பிரெஞ்சில் மெதுவாக ஏதோ சொன்னாய். இந்த ஊர்ப் பெண்களோடு அவ்வளவு காலம் ஒரே மேசையில் வேலை செய்தவளுக்குப் பிரெஞ்சு விளங்காது என்று எப்படி நினைத்தாய்? அம்மா வேண்டுமென்றே செய்திருக்கிறா என்று சொன்னாய். அவள் தமிழிலேயே, நான் கேட்கட்டும் என்றுதான் நினைக்கிறேன், “அப்படிச் சொல்லாத, ஜெரோம்,” என்றாள். அவள் என் பக்கம் கதைத்தது, நீ சொன்னதைவிட எனக்குச் சுட்டது.

காரில் அப்பா கேட்டார், “இது பிள்ளையள் தேடி வந்த சாமானோ?” ஓம் என்றேன். எங்கள் வீட்டுப் பக்கம் போகிற லவால் பாலத்தில் ஏறினபிறகு, “சரியில்லையப்பா,” என்றார். “தெரியும்,” என்றேன். பிறகு வீடு வரும்வரை இருவரும் ரேடியோ கேட்டோம்.

நீ போன் எடுக்காமல் இருந்த அந்தக் கிழமைகளில் நான் அதைத் திறந்து பார்த்தேன். உருளையில் நீள்வட்டத்துக்குள் லியேஜ் முத்திரை இருந்தது, அதற்குமேல் ஒரு கிரீடம். கிரீடம் இருந்தால் பிந்தின முத்திரை என்று எனக்குத் தெரியும். பிந்தியது என்றால் எவ்வளவு? சட்டம் வைத்த ஆண்டுக்கு முன்னுக்கா, பின்னுக்கா? முன்னுக்கென்றால் பழம்பொருள். பின்னுக்கென்றால், இவ்வளவு கட்டையான குழாயோடு, நான் வீட்டில் வைத்திருக்கவே கூடாத கைத்துவக்கு. முத்திரைக்குப் பக்கத்தில் அழுக்குக்குள் இன்னொரு சின்ன அடையாளம் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. இரும்புப் பஞ்சைக் கையில் எடுத்தேன். நாலு தேய்த்தால் தெரிந்துவிடும். இல்லாவிட்டால் அடையாளமே தேய்ந்து, ஒருநாளும் ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும். கையை எடுத்துவிட்டேன்.

“அந்தப் பிள்ளையைக் கேளன்,” என்றார் அப்பா.

“கேக்கமாட்டன்.”

“அப்ப பொலிஸ் வந்து உன்னைக் கேக்கும். கலியாண வீட்டில மாப்பிளையின்ர தாய் எங்கயெண்டு சனம் கேட்டா, நான் பொலிஸ் மறியலில இருக்கிறாளெண்டு சொல்லுறதோ?”

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. அன்று பின்னேரம் நான் நிவேதாவுக்குப் போன் எடுத்தேன். “பிள்ளை, நான் ஜெரோமின்ர அம்மா கதைக்கிறன்.” “தெரியும் ஆன்ட்டி, சொல்லுங்க.” “ஒரு முத்திரை வாசிக்கேலாமக் கிடக்கு.” அவள் பயந்துபோய்க் கேட்டாள்: “தேய்ச்சிட்டீங்களா?” இல்லை என்றேன். “அப்பாடா. அப்படியே வச்சிருங்க, கை வைக்காதீங்க. நான் வரேன்.”

அடுத்த நாள் வேலை முடிந்து மெட்ரோவில் கடைசி ஸ்டேசன் வரை வந்தாள். அப்பா போய் ஏற்றிக்கொண்டு வந்தார். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பஞ்சுக் குச்சியை ஏதோ ஒரு திரவத்தில் நனைத்து, தேய்க்காமல் உருட்டினாள். பஞ்சு பழுப்பாக வர வர, இரும்பு தன் நிறத்தோடே இருந்தது. டோர்ச்சைச் சரித்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடித்தாள். “நீங்க பாருங்க ஆன்ட்டி, எனக்குத் தெளிவா இல்ல,” என்றாள். நான் பார்த்தேன். ஒரு குட்டி எழுத்து. வாசித்துச் சொன்னேன். அவள் பூதக்கண்ணாடியை வாங்கித் தானும் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றினாள்.

“அது வருஷத்தக் குறிக்கிற எழுத்து. அப்படி எழுத்துப் போடுற வழக்கமே ரொம்பப் பின்னாடிதான் வந்துச்சு. பழைய மாதிரியில பிற்காலத்துல செஞ்சது இது. நம்ம இத வீட்ல வச்சிருக்கக் கூடாது, ஆன்ட்டி. போலீஸுக்குச் சொல்லி ஒப்படைச்சிடணும். நாமளே கூப்பிட்டுச் சொன்னா ஒண்ணும் ஆகாது.”

‘நம்ம’ என்றாள். அவளின் சென்னைத் தமிழில் அது சும்மா வருகிற சொல்லோ தெரியாது. எனக்குக் கேட்டது.

“அண்டைக்கு நீ வாங்கியிருந்தா என்ன செய்திருப்பாய்?” என்று கேட்டேன்.

“அங்கயே டார்ச் அடிச்சுப் பாத்திருப்பேன். தெரிஞ்சதும் வச்சிட்டு வந்திருப்பேன்,” என்றாள். என்னைச் சமாதானப்படுத்த ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த இடத்தில்தான் எனக்கு அவளை முதன்முதலாகப் பிடித்தது.

போகிற பொருளை முழுக்கப் பார்த்துவிட்டு அனுப்புவோம் என்றாள். கழற்றத் தொடங்கினோம். ஒரு திருகாணி அசையவில்லை. நான் திருப்புளி முனையை அரத்தில் இழைத்து அந்த வெட்டுக்குள் சரியாக உட்காரும்படி செய்தேன், அவள் சட்டகத்தை இறுக்கிப் பிடித்தாள், திடீரென்று கழன்றது, இருவரும் சேர்ந்து கத்தினோம். மடிகிற விசையை அவள் விரலால் விரித்தாள், மடித்தாள், விரித்தாள். “நாய்க்குப் பயந்து எவ்வளவு அழகா ஒண்ணு செஞ்சிருக்கான் பாருங்க,” என்று சிரித்தாள். பயம் என்ற சொல் வந்ததும் நான் மன்னார் வீதியைச் சொன்னேன், நெஞ்சுக்கு நேரே நீட்டின ஓட்டையைச் சொன்னேன், முதல் ரிவோல்வரைக் கழற்றின அன்று நன்றாகச் சாப்பிட்டதைச் சொன்னேன். அவள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டாள். “இது ஜெரோமுக்குத் தெரியுமா, ஆன்ட்டி?” “அவன் கேக்கேல்லைப் பிள்ளை,” என்றேன்.

அப்போதுதான் நீ வந்தாய். அவள் போனை எடுக்கவில்லை என்று தேடி, அப்பாவிடம் கேட்டு, குளிர்ச்சட்டையும் கழற்றாமல் படியில் இறங்கி வந்தாய். இரண்டு கதிரையிலும் நாங்கள் இருந்தோம். “நீ இஞ்சயா நிக்கிறாய்? என்னை ஏன் ஒருத்தரும் கூப்பிடேல்ல?” என்றாய். அவள் திரும்பாமலே “ஒரு நிமிஷம் இரு, இந்த ஸ்பிரிங் பறந்துடும்,” என்றாள். நீ கடைசிப் படியில் நின்றாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். மார்கழியிலிருந்து நான் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தேன். பெற்ற தாய் இப்படி எழுதலாமோ தெரியாது, ஜெரோம், ஆனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்லாய் இருந்தது.

பொலிஸ் வந்த காலமை உனக்கு வேலை; நீ காணவில்லை. அப்பா விடியவே சவரம் செய்து சப்பாத்தும் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றார். பொலிஸ் பிடித்துக்கொண்டு போனால் வெறுங்காலோடு போகக்கூடாதாம். நிவேதா லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள், எல்லாவற்றையும் அவளே பிரெஞ்சில் விளக்கினாள். வந்த இருவரில் ஒருத்தி பெண். நல்ல மரியாதையாகக் கதைத்தாள், மற்றவற்றை எல்லாம் பார்த்துச் சரியென்றாள், அந்தக் குட்டித் துவக்கை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனாள். உருக்கிவிடுவார்களாம். கார் திரும்பும்வரை நிவேதா யன்னலடியில் நின்றாள். அவளுக்கென்று ஒன்றுமில்லை என்று அவள் சொன்னது எனக்கு நினைவு வந்தது. எப்படியும் அவள் அதை வைத்திருக்க முடியாது, தெரியும். ஆனாலும் நான் அதை வாங்கின அன்று எனக்கு அது தெரியாது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க ஆன்ட்டி,” என்று சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்தாள்.

இனி புத்திமதி. தாய் எழுதின கடிதத்தில் அது இல்லாமல் போகாது. கலியாணம் கட்டினபிறகு உனக்கும் பொறாமை வரும். அவளின் வேலையைப் பார்த்து வரும், சிநேகிதிகளைப் பார்த்து வரும், நாளைக்கு உன் பிள்ளை விழுந்தெழும்பி உன்னைத் தாண்டி அவளிடம் ஓடும்போது வரும். வந்ததற்காக வெட்கப்படாதே. எனக்குப் பூசையிலும் வந்திருக்கிறது. ஆனால் அது வந்த நேரத்தில் உன் கால் எந்தத் தெருவுக்கு நடக்கிறது என்று பார்த்துக்கொள். எனக்கு அந்த முத்துச்சிப்பிக் கைப்பிடி வேண்டியிருக்கவில்லை. நீ பக்கத்தில் வந்து இருக்கவேண்டும் என்றுதான் இருந்தது. அதை உன்னிடம் வாய்விட்டுக் கேட்டிருந்தால் ஒருவேளை இருந்திருப்பாய். நான் கேட்டதில்லை, பூதக்கண்ணாடியைத்தான் நீட்டினேன். அதனால் உன் வீட்டில் யாராவது ஒரு பொருளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால், உனக்கு அதில் ஒன்றும் விளங்காவிட்டாலும், போய்ப் பக்கத்தில் இரு. என்ன பார்க்கிறாய் என்று கேள். வெளியிலிருந்து ஒருத்தர் வந்து அது வடிவு என்று சொல்லும்வரை காத்திராதே.

என் எரிச்சல் போய்விட்டது என்று எழுதினால் நீ நிம்மதியாக இருப்பாய். போகவில்லை. இப்போது அவள் உன்னைவிட அடிக்கடி எனக்குப் போன் எடுக்கிறாள், அதற்கும் ஒரு பக்கம் எரிகிறது: என் மகன் எடுக்கவேண்டிய போனை இவள் எடுக்கிறாளே என்று. கலியாணம் முடிந்த பிறகு வருகிற சனிக்கிழமைகளில் நானும் அவளும் சாமான் பார்க்கப் போவதாகப் பேசியிருக்கிறோம். அப்பா கார் ஓட்டுவார், அவருக்கு வழி தெரியும். நீயும் வரலாம். பின்சீட்டில் இடம் இருக்கும்.

கோயிலில் நான் முன்வாங்கில்தான் இருப்பேன். சுவாமி கேட்கும்போது நீ அவளைப் பார்த்துத்தான் பதில் சொல்லவேண்டும், என் பக்கம் திரும்பாதே. எனக்குக் கண்ணீர் வரும். பக்கத்தில் இருக்கிற சனம், பாவம் மனுசிக்குச் சந்தோசத்தில் அழுகை வந்துட்டுது என்று சொல்லும். அப்படியே சொல்லட்டும், நீ ஒருவரையும் திருத்தப் போகாதே. பாதி அதுவும் உண்மைதான்.

உன்மேல் உரிமை விடாத,
அம்மா